பேர் தெரியாத ஆள் எழுதிய கதை

அப்பாவின் கோட்டில் மேல் பட்டனைப் போடப் பிரிஜட் போராடிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. நேவல் பேஸில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற அன்று ஒருதரம் போட்டார், அதற்கப்புறம் இன்றைக்குத்தான். உயிரோடு இருந்தபோதும் யாராவது சட்டைப் பட்டனைப் போட வந்தால் அருளானந்தம் கழுத்தைத் தூக்கிக்கொள்வார். செத்தும் பிடிவாதம் போகவில்லை.

சிங்கப்பூர் ரோவல் ரோட்டு மாடி வீட்டுக் கூடத்தில் சவப்பெட்டி, தலைமாட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. கோயில் சபைப் பெண்கள் பாயில் உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். பத்து மணிகளை உருட்டிச் சொல்லும் ஒரு பத்துமணி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் குசுகுசுவென்று பேச்சு. பிரிஜட் திரும்பினால் பேச்சு நின்றுவிடும்.

தங்கை ரோசலி செம்பவாங்கிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தாள். அப்பாவின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் அக்காவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, அப்பா யாரையோ கொன்னுட்டாராமே?"

"யார் சொன்னா?"

"கீழ படிக்கட்டுல பேசிக்கிறாங்க லா. கமலவேணியாம். நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ்ல இருந்த பொண்ணாம். புள்ளத்தாச்சியாம். அப்பாதான் கெணத்துல தள்ளிட்டாராம். சாகுறப்ப அவரே ஒத்துக்கிட்டாராம். நீயும் பக்கத்துலதான் இருந்தியாம்."

பிரிஜட் அடுப்பைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை.

"ஜன்னியில என்னமோ பேசினாரு. விடு."

"அப்போ பேசினது நெசந்தான்?"

அது கதை, நான்தான் படித்துக் காட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு சின்ன வாக்கியம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தரும் வாய்க்கு அது வரவில்லை.

வராததற்குக் காரணம் இருந்தது. அந்த வருடம் சிங்கப்பூர் முழுக்க ஆபாசப் படம், மட்டமான புத்தகம் என்று பரவும் மஞ்சள் கலாசாரத்தை ஒழிப்போம் என்றுதான் பேச்சு. கோயிலிலும் பிரசங்கம் நடந்தது. அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். பிரிஜட் ஒருபடி மேலே போனாள். மர்ம நாவல் வைத்திருக்கும் பிள்ளைகளிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, கொலையும் கொள்ளையுமாக எழுதித் தள்ளும் புத்தகங்கள் வீட்டுக்குள் வருவது சாத்தான் வருவதற்குச் சமம் என்று பேசினாள். லூர்தம்மா அவளைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினாள். சபைக்கே தலைவி லூர்தம்மா.

அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது அதற்குப் பிறகு. படுக்கையில் விழுந்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"புள்ள, நெய்னா முகம்மது கடைக்குப் போயி ஒரு நாவல் எடுத்துட்டு வந்து படிச்சுக் காட்டு. மர்மக் கத. எழுதுனவன் பேரு நமக்குத் தெரியாததா இருக்கணும், பாத்துக்க."

"அது என்னப்பா கணக்கு?"

"தெரிஞ்ச ஆளுன்னா அவன் புத்தி நமக்குத் தெரியும். யாரு செஞ்சான்னு பாதியிலயே புடிச்சிடலாம். பேர் தெரியாதவன் எந்தப் பக்கத்துலேர்ந்து அடிப்பான்னு சொல்ல முடியாது."

முதல் தடவை கடைக்குப் போனபோது முக்காடு போடாத குறைதான். சிராங்கூன் ரோட்டில் வாடகைக்குப் புத்தகம் விடும் கடை அது. மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்த நாவல்கள் கயிற்றில் தொங்கின. அட்டைகளில் கத்தி, எலும்புக்கூடு, வாய் பிளந்த பெண்கள். சாகப்போகிற மனுசர், ஆசைப்படுகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாவது புத்தகத்துக்குள் அந்தப் பொய் தேவைப்படவில்லை. யாரும் கேள்விப்படாத பெயர்களை அவளே தேடினாள். எவனோ ஒருவன், எந்த ஊர்க்காரனோ, முதல் பக்கத்திலேயே ஒரு பிணத்தைப் போட்டுவிட்டு அவளைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். கதவைத் தாழிட்டு அப்பாவும் மகளும் சந்தேகப் பட்டியல் போட்டார்கள். இருவரும் அப்படிப் பேசிச் சிரித்தது அம்மா போன பிறகு அதுதான் முதல் முறை.

கடைசியாக எடுத்தது கமலவேணி கதை. தேயிலைத் தோட்டத்து பங்களா, பாழுங்கிணறு, அதில் கமலவேணியின் உடம்பு. முடிவுக்கு இன்னும் இரண்டு அத்தியாயம் இருந்தபோது அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவர் கண்ணயர்ந்த நேரத்தில் பிரிஜட்டால் பொறுக்க முடியவில்லை, தனியாகப் படித்து முடித்துவிட்டாள்.

நேற்று மத்தியானம் சாமியார் வந்து கடைசி அவஸ்தை எண்ணெய் பூசிவிட்டுப் போனார். சபைப் பெண்கள் கட்டிலைச் சுற்றி முழந்தாளிட்டிருந்தார்கள். அப்பா திடீரென்று கண்ணைத் திறந்தார்.

"புள்ள. கமலவேணிய கெணத்துல தள்ளுனது யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

செபம் நின்றது.

"புருசன் இல்ல. டாக்டர் இல்ல. சேலையில ரத்தத்தக் கழுவிப்புட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி சோறு போட்டாளே, அந்த அண்ணிக்காரி. அவதான். சரியா, புள்ள?"

இழுத்த மூச்சில் மற்றவர்கள் காதில் விழுந்தது கமலவேணி, கிணறு, ரத்தம் என்ற சொற்கள் மட்டும்தான். சரிதான். நூற்றுக்கு நூறு சரி. தலையை ஆட்டினால் போதும், சந்தோஷமாகப் போவார். பிரிஜட் நிமிர்ந்தாள், லூர்தம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செபம் சொல்லுங்கப்பா," என்றாள் பிரிஜட்.

"சரியான்னு சொல்லு."

"இயேசுவேன்னு சொல்லுங்க."

அவர் மகளின் முகம் இருந்த பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நல்ல பிள்ளையாக, "இயேசுவே," என்றார். அதற்கப்புறம் பேசவில்லை.

உயிர் போன பிறகு பெண்கள் உடம்பைக் கழுவத் தண்ணீர் வைத்தார்கள். பிரிஜட் தலையணைக்கடியில் இருந்த புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கி, நெய்னா முகம்மதுவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பாவைக் கழுவும் நேரத்தில் அவள் அங்கே இல்லை. கோயிலுக்குப் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறாள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை.

பெட்டியை மூட வேண்டிய நேரம் வந்தது. மூடுவதற்கு முன் பிள்ளைகள் நெற்றியில் முத்தம் கொடுக்க வேண்டும். பிரிஜட் கொடுத்தாள். ரோசலி பெட்டி வரைக்கும் வந்தாள். குனிந்தாள். பாதியில் நிமிர்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள்.

பிரிஜட் அதைப் பார்த்தாள். அப்பாவுக்குத் தான் செய்த துரோகம் அத்தனை பேர் முன்னாலும் நின்றது.

"அது கதை," என்றாள். அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "கமலவேணின்னு யாருமே இல்ல. அது மர்ம நாவல். அப்பாவுக்கு நான்தான் படிச்சுக் காட்டினேன். தினமும் படிச்சேன். எனக்கும் புடிச்சிருந்துச்சு."

லூர்தம்மா எழுந்து வந்து அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. நீர்தான் நிறைந்திருந்தது.

"நீயா, பிரிஜட்? நீயா மர்ம நாவல் படிச்சே?"

"நெசமா, அம்மா. நெய்னா முகம்மதுவ வேணாக் கேளுங்க."

"துலுக்கர் கடையில போயி நான் என்னத்தக் கேக்க? எனக்குத் தெரியாதா உன்ன? பெத்த தகப்பன் பேரு கெடக்கூடாதுன்னு உன் பேரையே கெடுத்துக்கிறியே மகளே." லூர்தம்மா மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "பாத்துக்கங்க. புள்ளைன்னா இப்படி இருக்கணும்."

பாயில் இருந்த பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ ஒருத்தி பிரிஜட்டின் தலையைத் தடவினாள். ரோசலி சுவரோரமாக நின்று அக்காவையே பார்த்தாள். அவளும் நம்பவில்லை. அக்கா தனக்காகப் பொய் சொன்னாள் என்ற நன்றி அவள் முகத்தில் தெரிந்தது.

"இல்லம்மா, நான் சொல்றத..."

"போதும் மகளே. சாமியாருக்கிட்ட பாவத்தையெல்லாம் சொல்லி நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத்தான் போயிருக்காரு. ஆண்டவர் மன்னிச்சிருப்பாரு. நாமளும் மன்னிப்போம்." லூர்தம்மா பெட்டிக்கு அருகே முழந்தாளிட்டுச் செபமாலையை எடுத்தாள். "இந்தப் பத்துமணி அருளானந்தம் அண்ணனோட ஆன்மாவுக்கு. அந்தக் கெணத்துல செத்தாளே கமலவேணி, பாவம், ஞானஸ்நானம் வாங்குனவளோ இல்லையோ, அவ ஆன்மாவுக்கும் அவ வயித்துல இருந்ததுக்கும்."

எல்லாரும் முழந்தாளிட்டார்கள். ரோசலி இப்போது பெட்டிக்கு அருகே வந்து அக்காவை உரசிக்கொண்டு முழந்தாளிட்டாள். லூர்தம்மா செபத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினாள். மறு பாதியைப் பெண்கள் சொன்னார்கள். பிரிஜட்டும் கூடவே சொன்னாள்.