ஆணைக்குப் பொருள் எழுதியவன்

மலையடியில் விரிந்த அந்நகரின்மேல், மழை ஓய்ந்த மாலைப்பொழுது நனைந்த போர்வைபோல் மெல்லக் கவிந்தது. ஆலைகள் வாய்மூடின, வீடு திரும்புவோரின் குடைகள், வெள்ளத்தில் மிதக்கும் கரிய இலைகளென நிரைநிரையாய்ப் பாலத்தைக் கடந்தன, சாளரங்கள் ஒவ்வொன்றாய் ஒளி பெற்றன. ஒன்று மட்டும் இருண்டிருந்தது. கற்றறிந்தீர், அதனுள்ளே வாருங்கள்.

அங்கிருந்தவன் இலத்தீன் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதும் அகராதிப் பணியாளன். இளமையிலேயே மனைவியை இழந்தவன்; அவள் இறந்து நான்கு திங்கள் ஆகியிருந்தன. பதினொரு நாளாய் ஒரே சொல்லின்முன் அவன் எழுதுகோல் நின்றிருந்தது: எக்செக்ராத்தியோ. கெடுமொழி, அதாவது சாபம், என்பது அதன் பொருள். உறுதியான ஆணை, அதாவது சத்தியம், என்பதும் அதன் பொருளே. ‘நான் பொய்த்தால் கேடு வரட்டும்’ என்று கேட்டை அழைத்தே ஆணையிடுவது அம்மொழி பேசிய பழங்காலத்தார் வழக்கு. எழுத ஒரு வரி போதும். ஆனால் தன் பொய்யாணையே அவளைக் கொன்றது என அவன் நம்பினான்: நோயில் கிடந்தவளின் தலைமேல் கைவைத்து, வெண்சுருட்டுப் புகைப்பதை விட்டுவிட்டதாக உறுதி சொன்னபோது, சட்டைப்பையில் அரைப்பெட்டி மிச்சமிருந்தது. ஒன்பதாம் நாள் அவள் இறந்தாள்.

மகளின் உடைகளை எடுத்துச்செல்ல அன்று மாமியார் வந்தார். விளக்கைப் போட்டார், இருட்டில் எழுத இவர் என்ன ஆந்தையா என்று கடிந்தார், துணிகளை உதறி மடிக்கத் தொடங்கினார். குளிர்காலச் சட்டையொன்றின் பையிலிருந்து தீப்பெட்டி ஒன்று விழுந்தது. அது அவனுடையது, என்றோ காணாமற்போனது. அதைக் கண்டதும், எவரிடமும் சொல்லாததை அவன் முழுதும் சொல்லிவிட்டான்.

“நான்தான் அத்தை அவளைக் கொன்னுட்டேன்.”

அவர் தீப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார்.

“மாப்ளே, அவளுக்குத் தெரியாம இந்த வீட்ல ஒரு குச்சி எரிஞ்சிருக்கா? நீங்க கையைக் கொண்டுவந்தப்பவே தலையை நகர்த்திக்கிட்டாளாம். கை தலகாணி மேலதான் இருந்துச்சாம். ‘அந்த மனுஷன் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு சத்தியம் பண்றாரும்மா, தலகாணி எப்போ தீப்பிடிக்குமோ’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா.”

துணிமூட்டையுடன் அவர் படியிறங்கும் ஓசை தேய்ந்து மறைந்தது. எதிர்பார்த்த ஆறுதல் அவனுக்கு வரவில்லை. குற்றம் இருந்தவரை அவளோடு ஒரு வழக்கேனும் நடந்துகொண்டிருந்தது. இன்று அதுவும் முடிந்தது. அவன் அமர்ந்து, நின்றுபோன வரியை எழுதி முடித்தான்: கெடுமொழி, பொய்த்தால் கேடு வருக என்று கூறி இடும் ஆணை.

பின்னர் எழுந்துபோய், அவளது தலையணையின்மேல் கைவைத்தான். சொல்வதற்கு உண்மை நிறைய இருந்தது; நகர்த்திக்கொள்ளத் தலை இல்லை.