குறி சேராத துப்பாக்கி

கழுத்தில் கம்பிச் சுருக்கோடு திரிந்த இளம் கலைமானை நோக்கி அவள் சுட்ட முதல் மயக்க ஊசி, அதன் முதுகுக்கு மேலே பறந்து புதருக்குள் விழுந்தது. நான்கு நாள் கழித்துச் சுட்ட இரண்டாவது ஊசி முன்னங்காலுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றது. மான் ஓடிவிட்டது.

வனவிலங்கு மீட்பு மையத்தில் இருபத்திரண்டு வருடமாக அவள் மருத்துவர். கரடிக்கும் சிறுத்தைக்கும் ஊசி போட்ட கை. ஆறு மாதத்துக்கு முன்னால் கழுத்தெலும்பில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு வலது கை விரல்களில் மெல்லிய நடுக்கம் ஒன்று தங்கிவிட்டது. வேலைக்குத் திரும்பி ஆறு வாரம் ஆகிறது. கையெழுத்துப் போடும்போதும் சட்டைப் பொத்தானைப் போடும்போதும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

மானுக்கு நாள் குறைவாக இருந்தது. இணை தேடும் பருவம் வந்தால் கலைமானுக்குக் கழுத்து பருக்கும். பருக்கப் பருக்கக் கம்பி உள்ளே இறங்கும்.

மையத்தின் பின்புறம், கூண்டுகளுக்கும் மதில் சுவருக்கும் நடுவே முப்பது மீட்டர் நீளத்துக்கு ஒரு சந்து. அதன் கடைசியில் பஞ்சுப் பலகை ஒன்றைச் சாய்த்து, நடுவில் கறுப்பு வட்டம் வரைந்து வைத்திருந்தாள். தண்ணீர் நிரப்பிய ஊசிகளை அதன்மேல் சுட்டுப் பழகுவாள். துப்பாக்கியின் மேலிருக்கும் ஸ்கோப்பில் தெரியும் சிலுவைக் கோடு எங்கே நிற்கிறதோ, ஊசியும் அங்கேயே போய்ப் பட வேண்டும். அப்படி இரண்டையும் சேர்த்து வைப்பதைத்தான் ‘ஜீரோ பண்றது’ என்பார்கள். அந்த ஜீரோதான் பிடிபடவில்லை. ஊசி இடப்பக்கம் போனால், ஸ்கோப்பின் குமிழை, ‘டிக்’ சத்தம் நான்கு முறை கேட்கும்வரை வலப்பக்கம் திருப்புவாள். அடுத்த ஊசி ஒழுங்காக வரும். அதற்கடுத்தது மேலே ஏறும். அதைச் சரிசெய்தால் மறுபடி இடப்பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கணவனும் கூட வந்தான். லிஃப்ட் மெக்கானிக். பழுது எங்கே இருந்தாலும் முகர்ந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவான் என்று பெயர். வீட்டில் மட்டும் சாவி எங்கே, கண்ணாடி எங்கே என்று எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவான்.

“நேத்து என்னல்லாம் மாத்தினே?” என்று கேட்டான்.

“குமிழ், காத்தழுத்தம், நான் படுக்கற விதம், எல்லாத்தையும்தான்.”

“அதான் தப்பு. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா எது கெட்டதுன்னு லிஃப்ட்டே வந்து சொன்னாலும் நமக்குப் புரியாது.”

“இது லிஃப்ட் இல்லைங்க.”

“தெரியுது. லிஃப்ட்டா இருந்தா இந்நேரம் உள்ள நாலு பேர் மாட்டிக்கிட்டுக் கத்திக்கிட்டு இருப்பாங்க.”

அவள் சிரிக்கவில்லை. அவன் அதைக் கவனித்துவிட்டு வேலையைத் தொடங்கினான்.

முதலில், ஊசியைத் தள்ளும் காற்றின் அழுத்தம். அழுத்தமானி ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைக் காட்டியது. பிறகு ஊசிகளை மருந்தறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தார்கள். எல்லாம் ஒரே எடை. அடுத்து, துப்பாக்கியை மேசைப் பிடியில் துணி சுற்றிப் பூட்டி, சிலுவைக் கோடு கறுப்பு வட்டத்தின் நடுவில் நிற்கும்படி வைத்தார்கள். அவள் ஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு குமிழை மேலே இருபது டிக் திருப்பினாள், கீழே இருபது டிக் திருப்பினாள். கோடு ஏறி, இறங்கி, மயிரிழை பிசகாமல் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பக்கவாட்டிலும் அப்படியே.

அவள் கண்ணை எடுத்தாள். “ஸ்கோப்புக்கு உள்ள ஒரு கோளாறும் இல்ல. அப்ப நான்தான்.”

“இரு, இன்னும் முடியல.”

“முடிஞ்சுதுங்க.” போய் மருந்தறைப் படியில் உட்கார்ந்தாள். வலது கையை இடது கையால் மூடிக்கொண்டாள். “லெட்டர் எழுதி வெச்சிருக்கேன். நாளைக்கு டைரக்டர்கிட்ட குடுக்கப் போறேன். ஊசி போடற வேலை இனிமே வேற யாராவது பார்க்கட்டும். நான் ஆபீஸ்ல உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதறேன்.”

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “எப்ப எழுதினே?”

“ரெண்டாவது ஊசி தப்பின அன்னைக்கு.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, உனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுவீங்க. அதைக் கேட்கற தெம்பு எனக்கு இல்ல.”

உண்மைதான். அதைச் சொல்லத்தான் அவன் வாயைத் திறந்திருந்தான். மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் இருவரும் எதிர்க் கூண்டில் இறக்கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஆந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவன் எழுந்து மேசைக்குப் போனான்.

துப்பாக்கி இன்னும் பிடியில்தான் இருந்தது. ஸ்கோப் வழியாகப் பார்த்தபடி, அதன் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினான். சிலுவைக் கோடு வட்டத்தை விட்டு ஒரு சாண் தள்ளிப் போனது. விரலை எடுத்தான். அது திரும்பி வரவில்லை. மறுபக்கம் அழுத்தினான். கோடு அந்தப் பக்கம் போய் நின்றது.

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு இணைக்கும் தகட்டில் இரண்டு திருகுகள். இரண்டையும் முடுக்கிப் பார்த்தான். கல் மாதிரி இறுகியிருந்தன. ஆனாலும் தகடு ஆடியது. அவனுக்கு அது பிடிபடவில்லை. இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பின்பக்கத்துத் திருகு கறுப்பு. முன்பக்கத்தது வெள்ளை, அதைவிட இரண்டு மரைச் சுற்று நீளம். அதன் நுனி குழியின் அடியில் முட்டி முட்டித் தேய்ந்து பளபளத்தது. தகட்டைப் பிடிப்பதற்கு முன்பே அடியில் போய் முட்டி நின்றிருக்கிறது. கைக்கு இறுகியது போலத்தான் தெரியும்.

அந்த வெள்ளைத் திருகை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவள் வேலைக்குத் திரும்பிய வாரம், தகட்டுத் திருகு ஒன்றைக் காணவில்லை என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது, தன் பெட்டியிலிருந்து எடுத்து அவனே மாட்டியது. “கச்சிதமா உட்கார்ந்துடுச்சு பாரு” என்று பெருமை வேறு பட்டுக்கொண்டான்.

ஒரு கணம், பேசாமல் அதை அரத்தால் ராவிவிட்டு மாட்டிவிடலாமா என்று தோன்றியது. பிறகு படியருகே போய் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை விரித்துக் காட்டினான்.

“உன் கை இல்ல. என் கை. இதை மாட்டினது நான்தான்.”

நடந்ததை முழுக்கச் சொன்னான். அவள் இரண்டு திருகுகளையும் விரலில் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திட்டு விழும் என்று அவன் காத்திருந்தான்.

“ஆறு வாரமா இந்தக் கையைத் திட்டிக்கிட்டு இருந்தேங்க,” என்றாள். “குளிக்கும்போது, சாப்பிடும்போது, தூங்கப் போகும்போது. எவ்வளவு திட்டியிருப்பேன் தெரியுமா?” சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. அவன் தன் எண்ணெய்க் கைக்குட்டையை நீட்ட, “இதைத் தொட்டா இன்னொரு ஆபரேஷன்தான்” என்று தள்ளிவிட்டாள்.

“மன்னிச்சிடு.”

“நிஜமாவே நடுங்குதுங்க. அது பொய் இல்ல.” கையை நீட்டிக் காட்டினாள். விரல் நுனிகள் மெல்ல அதிர்ந்தன. அவன் ஒண்ணுமில்லை என்று சொல்லவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

“எவ்வளவு நடுங்குதுன்னு இப்பப் பார்த்துடலாம். இப்பதான் நியாயமான கணக்கு வரும்.”

வெள்ளைத் திருகில் இரண்டு மரையை அறுத்து, நுனியை ராவி, மாட்டினான். ஸ்கோப்பை எந்தப் பக்கம் அழுத்தினாலும் கோடு அசையவில்லை. அவள் மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துப் படுத்து, மூச்சை விட்டு, சுட்டாள். ஊசி வட்டத்துக்கு வலப்பக்கம் பட்டது. குமிழை மூன்று டிக் திருப்பினாள். பிறகு ஐந்து ஊசிகள். ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தன. அவன் போய்த் தன் உள்ளங்கையை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தான். ஐந்தும் அதற்குள் அடங்கின.

“முன்னாடியெல்லாம் மூணு விரலுக்குள்ள அடங்கும்,” என்றாள்.

“மானோட தொடை எவ்வளவு அகலம்?”

“உங்க கை மாதிரி ரெண்டு மடங்கு.”

“அப்புறம் என்ன?”

புதன்கிழமை விடிந்த சற்று நேரத்தில், ஓடையோரம் மேய்ந்துகொண்டிருந்த கலைமானை அவள் கண்டாள். ‘நிதானம்’ என்று எல்லோரும் கூப்பிடும் வண்டி ஓட்டுநர் தூரம் அளந்து, “இருபத்தெட்டு மீட்டர், மேடம்” என்று கிசுகிசுத்தார். அவள் வண்டியின் சன்னலில் மணல் மூட்டையை வைத்துக் காத்திருந்தாள். மான் தலை குனிந்தது. ஊசி தொடையில் பட்டது. மான் நூறு அடி ஓடி, தள்ளாடி, புல்லில் மடங்கி உட்கார்ந்தது.

கம்பி ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தது. ஓட்டுநர் மானின் கண்ணைத் துணியால் மூடித் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அவள் குறடால் கம்பியை வெட்டி, இழை இழையாக உருவி எடுத்து, புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள். மயக்கம் தெளியும் ஊசியைப் போட்டுவிட்டு இருவரும் வண்டிக்கு நடந்தார்கள்.

நான்காவது நிமிடம் மான் தலை தூக்கியது. எழுந்தது. பின்னங்கால் ஒரு முறை வழுக்கியது. பிறகு கழுத்தை நீட்டி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது.

அவள் கணவனுக்குப் போன் செய்தாள். எங்கேயோ லிஃப்ட் குழிக்குள் இருந்தான், குரல் எதிரொலித்தது.

“எழுந்துடுச்சுங்க. தண்ணி குடிக்குது.”

“அப்படியா? போனைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நீட்டேன்.”

“மான் குடிக்கற சத்தம் போன்ல கேட்குமா?”

“கேட்குதா இல்லையான்னு நான் சொல்றேன், நீ நீட்டு.”

அவள் ஓடைப் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.