இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே சுதாஜினி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் அடுப்பிலிருந்து வந்தது.

பலேர்மோவில், அல்பெர்கேரியாவின் ஒரு சந்துக்குள், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஆசைப்பட்டு ஒரு மின்சார அடுப்பு வாங்கினேன். அதைப் போட்ட நொடியில் வீடு இருண்டது. கீழ்வீட்டுக்காரர் ஒரு எண்ணைக் கொடுத்து, "எல்லா வேலையும் செய்வாள், கூப்பிடுங்கள்" என்றார்.

வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். ஒழுகிய குழாயை மாற்றினாள், ஆடிய கதவுப் பிடியை முடுக்கினாள், வீட்டுக்கு வெளிச்சத்தைத் திருப்பித் தந்தாள். அடுப்புக்குத் தனி இணைப்பு இழுத்துத் தரச் சொன்னதும் கருவிப் பெட்டியை மூடிவிட்டாள்.

"அது ஏலாது அக்கா. செய்யத் தெரியும். செய்ய அனுமதி இல்லை."

எழுதுகிறவளிடம் வந்து இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னால் விடுவேனா? தேநீர் போட்டேன். (பழைய அடுப்பில்.)

2

முதல் தொடக்கம் இது: 'சாந்தரூபன் கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பல்லாரோ சந்தைக்குள் நுழைந்தான். உரமேறிய அவனுடைய கைகள் —'

நிறுத்தினேன். யார் இந்தச் சாந்தரூபன்? என் வீட்டுக்கு வந்தது ஒரு பெண். நானும் ஒரு பெண். இருந்தும் கருவிப் பெட்டியைக் கண்டதும் என் கை ஓர் ஆண்பிள்ளையை எழுதிவிட்டது. அவள் தந்துவிட்டுப் போன அட்டையில் 'சாந்தரூபன் சுதாஜினி' என்று இருந்தது. சாந்தரூபன் அவளுடைய கணவர். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் சமைக்கிறார். எதிரில் நின்றவளை விட்டுவிட்டு அட்டையின் முன்பாதியைக் கதாநாயகனாக்கியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'சுதாஜினிக்கு ஒரே ஒரு ஆசைதான்.'

இது நிற்கட்டும். உண்மை என்பதால்.

3

அந்த ஆசையைப் புரியவைக்கக் கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. கொட்டாவி விடாமல் கேளுங்கள்.

இந்த நாட்டில் கைவேலை செய்கிறவர் பல்பு மாற்றலாம், குழாய் மாற்றலாம், ஆணி அடிக்கலாம். புதிதாக மின்னிணைப்பு இழுக்க அனுமதி பெற்றவர் வேண்டும். வேலை முடிந்ததும் 'இதை விதிப்படி செய்திருக்கிறேன்' என்று ஓர் உறுதிப் பத்திரம் எழுதி, கீழே கையெழுத்திட வேண்டும். அந்த அனுமதிக்குப் பல வழிகள். சுதாஜினிக்குப் பொருந்தியது ஒன்றுதான்: அனுமதி பெற்ற நிறுவனத்தில் தேர்ந்த தொழிலாளியாக மூன்று வருடம் வேலை செய்திருக்க வேண்டும்.

அவள் நான்கு வருடம் செய்திருக்கிறாள். என்சோ என்கிற மின்வேலைக்காரரின் நிறுவனத்தில், அவர் ஓய்வு பெறும்வரை. அதற்குப் பிறகு போர்கோ வெக்கியோவில் கலோஜெரோ என்பவருக்குச் சம்பளச் சீட்டு இல்லாமல் வேலை செய்தாள். சுவரைக் குடைவது அவள், கம்பி இழுப்பது அவள், சோதித்துப் பார்ப்பது அவள். கடைசி நாளில் வந்து கையெழுத்துப் போடுவது கலோஜெரோ. ஒருநாள் மீன்கடைக்காரர் ஒருவர் அவள் முன்னாலேயே கலோஜெரோவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "என்ன சுத்தமான வேலை!" என்றார். கலோஜெரோவும் சிரித்து அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார்.

"அண்டைக்கு முடிவெடுத்தனான் அக்கா. இனி என்ரை வேலைக்கு நான்தான் கையெழுத்து வைப்பன். இல்லையெண்டால் பல்பு மட்டும் மாத்துவன்."

4

அனுமதி அலுவலகத்தின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தொத்தோரேஸா இருந்தார். (படித்த அதிகாரிப் பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.) பொல்லாதவர் இல்லை. அவரைப் பொல்லாதவராக எழுதிப் பார்த்தேன், கதைக்கு வசதியாகத்தான் இருந்தது. ஆனால் சுதாஜினி விடவில்லை. "பாவம் அக்கா, அந்த மனுசி நல்ல மனுசி" என்றாள்.

அந்த நல்ல மனுசி சம்பளச் சீட்டுகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இதில் இரண்டு தொழிலாளிகள் இருக்கிறார்கள். பாலசுந்தரம் என்ற குடும்பப் பெயருள்ள பெண் இருபத்திரண்டு மாதம். சாந்தரூபன் என்ற குடும்பப் பெயருள்ள பெண் இருபத்தாறு மாதம். இருவருக்குமே மூன்று வருடம் வரவில்லை."

"ரெண்டும் நான்தான்."

"வரி எண் வேறு வேறாக இருக்கிறதே, சிஞ்ஞோரா."

நடந்தது இதுதான். பாலசுந்தரம் சுதாஜினியாகத்தான் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் ஆனதும், நம் வழக்கப்படி அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போட்டுப் புதுப் பாஸ்போர்ட் எடுத்தாள். அதைப் பார்த்துப் பெர்மெஸ்ஸோவும் (இங்கே தங்கியிருக்கத் தரும் அனுமதி) புதுப் பெயரில் வந்தது, வரி எண்ணும் புதிதாக வந்தது. என்சோவின் கணக்காளர், பழையவள் விலகிவிட்டாள், புதியவள் சேர்ந்திருக்கிறாள் என்று எழுதி வைத்துவிட்டார். இத்தாலியில் பெண்கள் பிறந்த குடும்பப் பெயரோடுதான் கடைசிவரை இருப்பார்கள். கல்யாணத்தில் ஒருத்தி இரண்டு பேராகலாம் என்று யாருக்குத் தோன்றும்?

"ஏன் மாற்றினீர்கள்?" என்று தொத்தோரேஸா உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

எல்லோரும் மாற்றினார்கள், சுதாஜினியும் மாற்றினாள்.

5

[இந்த இடத்தில் அவள் பேருந்து நிறுத்தத்தில் அழுவதாக அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். "நான் எங்கை அழுதனான்? எனக்குப் பசி. போய்ச் சாப்பிட்டனான்" என்றாள். அரைப் பக்கம் போயிற்று.]

பின்னேரம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பழைய வரி எண் அட்டையையும் புதிய வரி எண் அட்டையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தரூபன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ரை பேரால வந்த வில்லங்கம்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"உங்கடை பேரில ஒரு பிழையும் இல்லை. பேசாமல் கழுவுங்கோ."

மின்விசிறிக் காற்றில் அட்டைகள் நகர்ந்தன. பறந்துவிடாமல் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். அப்படியே சிலையாகிவிட்டாள்.

"இஞ்சை வாங்கோ" என்றாள். "கையைத் துடைச்சுப்போட்டு வாங்கோ!"

6

அலுவலகத்துக்கு அவள் இரண்டாம் முறை போனதை மூன்று விதமாக எழுதினேன்.

முதல் விதத்தில் அலுவலகத்தில் மின்சாரம் போகிறது. சுதாஜினி எழுந்து சரிசெய்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (சினிமா. தவிர, அனுமதி இல்லாமல் அரசாங்கப் பெட்டியில் கை வைத்தால் விண்ணப்பமே அதோடு முடிந்தது.)

இரண்டாவதில் சாந்தரூபன் கண்ணாடி முன்னால் நின்று உருக்கமாக ஒரு பேச்சுப் பேச — வேண்டாம். அன்று அவர் வேலைக்குப் போயிருந்தார்.

மூன்றாவது, நடந்தது. அவள் இத்தாலியனில் பேசினாள். எனக்குத் திரும்பச் சொன்ன தமிழிலேயே எழுதுகிறேன்.

இரண்டு அட்டைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். இந்த நாட்டு வரி எண்ணின் அமைப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயருக்கு. அடுத்த மூன்று சொந்தப் பெயருக்கு. பிறகு பிறந்த வருடம், மாதம், நாள், நாடு. கடைசியில் சரிபார்க்க ஓர் எழுத்து. (பெண்ணென்றால் பிறந்த நாளோடு நாற்பதைக் கூட்டுவார்கள். பதினேழாம் தேதி பிறந்தவள் ஐம்பத்தேழு. என் முதல் தொடக்கத்து ஆண் இந்த இடத்திலேயே மாட்டியிருப்பான்.)

இடது கட்டைவிரலால் முன் மூன்று எழுத்தையும் மூடினாள். வலது கட்டைவிரலால் கடைசி எழுத்தை மூடினாள்.

"வாசியுங்கோ தொத்தோரேஸா. மேலையும் கீழையும்."

அவர் வாசித்தார். மேலே இருந்ததே கீழேயும் இருந்தது.

"இந்த மூண்டு எழுத்து என்ரை அப்பா. இந்த மூண்டும் என்ரை மனுசன். ரெண்டு பேரையும் நான் மறைச்சுப் பிடிச்சிருக்கிறன். மிச்சம் முழுக்க நான்."

தொத்தோரேஸா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி வாசித்தார். "பழைய முதலாளியும் இதை எழுதித் தர வேண்டுமே" என்றார். சுதாஜினி பையிலிருந்து என்சோவின் கடிதத்தை எடுத்தாள். கிழவர் இப்படி எழுதியிருந்தார்: 'முப்பது வருடத்தில் என்னிடம் ஐம்பது ஆண்கள் வேலை செய்தார்கள். பெண் ஒரே ஒருத்திதான். அந்த ஒருத்தியை நீங்கள் எப்படி இரண்டாக எண்ணினீர்கள்?'

தொத்தோரேஸா சிரித்துவிட்டார். அட்டைகளையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். இருபது நிமிடம். சுதாஜினிக்கு உள்ளங்கை வேர்த்தது. ("இதை எழுதுங்கோ" என்றாள். "பயந்தது உண்மை.")

திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கண்ணாடித் துவாரத்தின் வழியாகக் கையை நீட்டினார்.

"நாற்பத்தெட்டு மாதம், சிஞ்ஞோரா. ஒரே ஆள்."

7

அனுமதி வந்து இரண்டாம் நாள் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

"அந்த அடுப்பு இன்னும் பெட்டியிலயோ இருக்கு? எடுங்கோ வெளியிலை."

காலையிலிருந்து மத்தியானம் வரை சுவரைக் குடைந்தாள், கம்பி இழுத்தாள், ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை சோதித்தாள். அடுப்பு எரிந்தது, விளக்குகள் அணையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை அழ வைத்து எழுதிய அரைப் பக்கத்துக்கு நான் பதிலாக அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உறுதிப் பத்திரத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினாள். கையெழுத்துக் கோட்டுக்கு வந்ததும் பேனாவோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, உங்கடை கதை முடிஞ்சுதோ?"

"முடிந்தது. அடியில் என் பெயரைப் போட்டு அனுப்ப வேண்டியதுதான்."

"வேலை முழுக்க என்ரை" என்று சிரித்தாள். "கையெழுத்து உங்கடையோ?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் மூன்றாம் பகுதியை எழுதியவள் நான். கடைசி நாளில் வந்து கையெழுத்துப் போடுகிறவருக்கு அதில் என்ன பெயர் வைத்தேன் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. அவள் தன் பத்திரத்தில் தன் கோட்டை நிரப்பிவிட்டாள். அதே போல் ஒரு கோட்டை இங்கே விடுகிறேன். பேனாவை நீங்கள் எடுத்து அவள் பெயரை எழுதுங்கள். குடும்பப் பெயருக்கான முதல் மூன்று எழுத்து உங்களுக்குத் தேவைப்படாது.

மேற்கண்ட வேலையை விதிப்படி செய்தவர்:

______________________