லாரித் தண்ணீரில் தங்கிய ஒளி

1

இந்தக் கதை மேடவாக்கம் சிக்னலில், ஒரு தண்ணீர் லாரியின் பின்னால் மாட்டிக்கொண்டபோது பிறந்தது. சொட்டிய தண்ணீரில் வெயில் கிடந்தது. வீட்டுக்கு வந்து ‘ஒளி என்பது...’ என்று தொடங்கினேன். பாடப்புத்தக வாடை அடித்தது, விட்டுவிட்டேன்.

2

பியூலா தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில், முனைவர் பட்டத்துக்காகக் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி மணிகளோடு மல்லுக்கட்டுகிறாள். எல்லாம் ஒரே அளவு. தண்ணீரில் கலந்து ஒரு தட்டில் ஊற்றிக் காயவைத்தால் அடுக்காகப் படியும். தனக்குப் பொருந்தும் நிறத்து ஒளி பட்டால் ஒவ்வொரு மணியும் அதைக் கணநேரம் பிடித்துவைத்துப் பிறகு விடும். மணிகள் வரிசையாகப் படிந்தால் ஒளி வந்த வழியே திரும்பிவிடும். தாறுமாறாகப் படிந்தால் உள்ளே அலைந்து தங்கும். அவளுக்குத் தாறுமாறுதான் வேண்டும். படிந்ததெல்லாம் வரிசை. ஒரே ஒரு தட்டில் மட்டும் ஒளி தங்கியது. ஏன் என்று தெரியாமல் பட்டம் கிடைக்காது.

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். பியூலா அழுகிறவள் இல்லை, நகம் கடிப்பவள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

அந்தத் தட்டைத் தயாரித்தது ஒப்பந்தப் பணியாளர் ஷீலா. டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னாள்.

“அன்னிக்கு சுத்தத் தண்ணி தீந்துபோச்சு பியூலா. கொழாயில புடிச்சுதான் கலக்குனேன். சார் கைல சொல்லிடாத. அடுத்த மாசம் காண்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியது கீது.”

“லாரித் தண்ணியாக்கா?”

“இங்க வேற இன்னா வருது?”

லாரித் தண்ணீரில் உப்பு. சுத்தத் தண்ணீரில் மணிகள் ஒன்றையொன்று விலக்கி வரிசை கட்டும்; உப்பு இருந்தால் தொட்ட இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பியூலா சுத்தத் தண்ணீரில் உப்பை அளந்து போட்டாள். கூட்டிக் குறைத்து, ஒளி எவ்வளவு நேரம் தங்க வேண்டும் என்பதைத் தன் சொல்படி கேட்கவைத்தாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

4

நெறியாளர் அனந்தகிருஷ்ணன் சார் பார்க்க வந்தார். ஒரு லென்ஸ் உடைந்ததற்கு ஆளையே வீட்டுக்கு அனுப்பியவர். அன்று அவர் முகத்தில் சிரிப்பு.

“உப்பு போடணும்னு எப்படிம்மா தோணித்து?”

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள், கட்டுரையில் ஷீலாவின் பெயரும் ஏறுகிறது. [சார் அவ்வளவு நல்லவரா?]

முடிவு இரண்டு: “தானா தோணுச்சு சார்.” ஷீலாவின் வேலை தப்புகிறது.

முடிவு மூன்று: பியூலா மெல்ல...

இதற்குமேல் பேனா ஓடவில்லை. இரண்டாவது முடிவில் இருப்பது ஷீலாவே கேட்டுக்கொண்ட பொய்தான். ஆனால் அதில் வரும் பேரெல்லாம் பியூலாவுக்கு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கதவருகே ஷீலா, சொல்லாதே என்று தலையசைக்கிறாள். சார் காத்திருக்கிறார். பதிலை நீங்களே சொல்லுங்கள். சொல்லும்போது ஷீலாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.