கைராசியாரின் குரோட்டன்ஸ்

இதனால் சகலருக்கும், குறிப்பாக மூன்றாம் மாடியில் குடியிருக்கும் சகலைக்கும், அறிவிக்கப்படுவது யாதெனில்: இந்தக் குடும்பத்தில் கைராசி என்று ஒன்று உண்டென்றால் அது ஒரே ஒரு வலது கையில்தான் உண்டு, அந்தக் கை தரைத்தளத்து முதல் வீட்டில், காலை ஒன்பது மணி வரை காணக் கிடைக்கும்.

இந்த அறிவிப்பை யாரும் சுவரில் ஒட்டவில்லை. கைராசியார் மனதுக்குள்ளேயே எழுதி, மனதுக்குள்ளேயே முத்திரை குத்தி வைத்திருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் துணை மேலாளர் அவர். பதினெட்டு வருடங்களாக மனைவி வீட்டாரில் யார் எதைத் தொடங்கினாலும் முதல் கை அவருடையதுதான். புது ஃபிரிட்ஜ் வாங்கினால் பெரிய அத்தான் வந்துதான் பிளக்கைச் செருக வேண்டும். அப்படிச் செருகியவற்றில் இரண்டு, ஆறே மாதத்தில் மூச்சை விட்டன. அதற்குக் கம்பெனி காரணம். ஓடியவற்றுக்குக் கை காரணம்.

வந்தது வினை, குரோட்டன்ஸ் உருவத்தில். மாமனார் கிடங்குக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தக் குடையில்கூட எண் எழுதாமல் விடாத மனிதர். தன் வீட்டுச் செடியிலிருந்து இரண்டு கிளைகளை வெட்டி, ஒரே மாதிரித் தொட்டிகளில் வேர்விட வைத்து, மருமகன்கள் இருவருக்கும் ஆளுக்கொன்றாய்க் கொடுத்தார். ஒரே தாய், ஒரே மண், ஒரே உயரம்.

ஆறு மாதத்தில் மூன்றாம் மாடிச் செடி சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோல் நின்றது. கைராசியாரின் செடி பச்சையாக இருந்தது. பச்சையைத் தவிர வேறெதுவும் அதற்குத் தோன்றவில்லை.

"மேல போய்ப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி. "ஒரே இலைல அஞ்சு கலர் எண்ணினேங்க."

"உனக்கு எண்ண வேற எதுவும் கிடைக்கலையா?"

"நம்மளுது கீரைக்கட்டுக்குப் பெரியப்பா மாதிரி நிக்குது. தம்பிகூட சொன்னான், சின்ன அத்தானுக்குத்தான் இப்ப கைராசின்னு. தையல் கடை திறக்கறான்ல, முதல் துணியை அவரை விட்டே வெட்டச் சொல்லலாமான்னு யோசிக்கிறான்."

கைராசியார் காபி டம்ளரை ஓசையோடு கீழே வைத்தார். பதினெட்டு வருடத்து வலது கையை லிஃப்ட் மெக்கானிக்கான ஒரு சகலையிடம் பறிகொடுப்பதா? எப்போதும் கிரீஸ் ஒட்டியிருக்கும் கை அது!

அன்று மாலையே மாடியேறினார். செடியைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டிக்கொண்டு, "என்ன போடறப்பா இதுக்கு?" என்று கேட்டார்.

"எதுவும் போடலண்ணே. உள்ள வைக்க இடம் இல்ல, அதான் பால்கனில கெடக்கு."

பதில் சொல்லாமல் மழுப்புகிறான், அமுக்கன் என்று முடிவு கட்டிக்கொண்டு கைராசியார் இறங்கினார்.

மறுநாள் முதல் அவருடைய செடிக்கு ராஜ உபசாரம். மூன்று வகை உரம் வந்தது. இலைகளைப் பாலில் நனைத்த துணியால் துடைத்தார். வீட்டிலேயே உயர்ந்த இடத்தில், அதாவது தனக்குக் கிடைத்த இருபத்திரண்டு ஷீல்டுகளும் அடுக்கிய ஷோகேஸுக்குப் பக்கத்தில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே அதை வைத்தார். சாதனைகளைப் பார்த்தாவது அதற்கு ரோஷம் வரட்டும் என்று ஓர் எண்ணம். செடி ஷீல்டுகளைப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் பச்சையானது.

அப்போதுதான் மாடிச் சின்னவர் வீட்டுச் சாவியோடு வந்து நின்றார். "அண்ணே, குடும்பத்தோட வெளியூர் போறோம். அஞ்சு வாரம் ஆகும். செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திடுங்க. உங்க கைராசிக்கு இன்னும் நல்லா வரும்."

குத்திக்காட்டுகிறான் என்றே கைராசியாருக்குப் பட்டது. அந்த ஒரு சொல்லால்தான் அவர் மனசாட்சி இரண்டு மணி நேரத்தில் சமாதானமானது. மனைவி கடைக்குப் போன சமயம் பார்த்து, பச்சைத் தொட்டியை லிஃப்டில் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, வண்ணத் தொட்டியைக் கீழே இறக்கினார். அந்த லிஃப்டைப் பழுது பார்த்தது சகலைதான். சத்தமில்லாமல் இறங்கியது.

மனைவி வந்து பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள். "ஏங்க, இது நம்ம செடியா?"

"உரம் இப்பத்தான் பிடிச்சிருக்கு" என்றார், கூரையைப் பார்த்தபடி.

அவள் தம்பிக்கு ஃபோன் போட்டாள். முதல் வெட்டு பெரிய அத்தானுக்கே என்று அன்றே முடிவானது. கைராசியார் நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

ஐந்தாம் நாள் ஓர் இலை விழுந்தது. எட்டாம் நாள் ஆறு. உரத்தைக் கூட்டினார், இலைகளும் கூட்டமாக விழுந்தன. புதிதாக வந்த இரண்டு குருத்துகளும் பச்சை. மூன்றாவது வாரம் தொட்டியில் ஒரு குச்சியும், அதன் உச்சியில் கொஞ்சம் சந்தேகமும் மட்டுமே மிச்சம்.

மாடியிலோ, அவர் தண்ணீரை ஊற்றிவிட்டுத் திரும்பியும் பாராமல் விட்டுவந்த அந்தக் கீரைக்கட்டு, சிவந்த குருத்துவிட ஆரம்பித்திருந்தது. நான்காவது வாரம் பழைய இலைகளிலும் மஞ்சள் நரம்பு ஓடியது. கைராசியார் பால்கனியில் நின்று தன் சொந்தச் செடியைப் பார்த்தே பொறாமைப்பட்டார். தன் கையில் இருந்தவரை வராத நிறம், அவன் வீட்டுக்கு வந்ததும் வருகிறதென்றால் என்ன திமிர்!

கடைசி நாள் மறுபடி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டார். சின்னவர் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

அன்று காலை முதல் வெட்டுக்கு முறைப்படி அழைக்க மச்சினன் புதுக் கத்திரிக்கோலோடு வந்திருந்தான், கூடவே மாமனார். மொட்டைக் குச்சியைப் பார்த்தபடி எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துச் சின்னவர் தன் வீட்டுத் தொட்டியைக் கட்டிப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"அண்ணே, இனிமே உங்க கையைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும்! புதுசு புதுசா எத்தனை குருத்து பாருங்க!"

மச்சினன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களாப்பா, பெரிய அத்தான் கைதான்…"

"அப்ப இது யாரு கை?" என்று குச்சியைக் காட்டினாள் மனைவி.

மாமனார் எழுந்தார். கிடங்குக்காரர் பழக்கம், எந்தச் சரக்கையும் அடியைப் பார்க்காமல் நம்ப மாட்டார். வண்ணத் தொட்டியைச் சாய்த்தார். அவர் கையெழுத்தில், வெள்ளைப் பெயின்டில் 'பெ' என்று இருந்தது. குச்சித் தொட்டியைச் சாய்த்தார். 'சி'.

"பெரிய மாப்பிள்ளை செடி மாடில நல்லா வந்திருக்கு" என்று சரக்கு ஒப்படைக்கிற குரலில் சொன்னார். "சின்ன மாப்பிள்ளை செடி இங்க உயிரை விட்டுக்கிட்டிருக்கு."

யாரும் காபியைத் தொடவில்லை. சின்னவர் மட்டும் புரியாமல் இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புரிந்துவிட்டது; பெருந்தன்மையாகத் தரையைப் பார்த்தார். கைராசியாருக்கு அந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை.

மச்சினன் கத்திரிக்கோலை மெல்ல உறைக்குள் போட்டான். "பரவால்லத்தான். நானே வெட்டிக்கறேன்."

மாமனார் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, பட்டப்பகல்ல லைட்டைப் போட்டு உக்காந்திருக்கோமே, இந்த ஹால்ல ஜன்னலே கிடையாதா?"

இருந்தது. ஷோகேஸுக்குப் பின்னால்.