நாற்பதடி

அன்று காலை மீன் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள். கடல் பக்கத்து மூலையில், தன் பலகைமேல் சின்னப்பாப்பா. கொட்டகை போட்ட நாளிலிருந்து அந்த மூலை அவளுடையது. எதிரே, கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியில் கொளஞ்சி. நடுவில், மடியில் நோட்டோடு, வைத்திக்குப்பம் மீன் விற்கும் பெண்கள் குழுவின் செயலாளர் சரிதா. அவள் கணவன் இராமதாஸ் யாரும் சொல்லாமலே வெளியே போய் வெயிலில் உட்கார்ந்திருந்தான். வயர்மேன் கலியபெருமாள் மட்டும் தெருப் பக்கமாக நாற்பதடி தள்ளி, பள்ளத்தின் ஓரத்தில் கால் தொங்கப் போட்டிருந்தார். கேபிள் அதுவரைதான் வந்திருந்தது. ஆகவே அவர் பேசியதெல்லாம் கத்திப் பேசியதுதான்.

"இதுக்கு மேல வராதும்மா! இழுத்தா நீள்றதுக்கு இதென்ன ரப்பரா?"

போன வருஷம் வரை கொட்டகைக்கு மின்சாரம் தலைக்கு மேலேதான் வந்தது. ஐப்பசிக் காற்றில் கம்பி அறுந்து மணலில் விழுந்தது. ஆள் இல்லாத நேரம், பிழைத்தார்கள். இனி மண்ணுக்கடியில்தான், தெருக்கோடிக் கம்பத்திலிருந்து ஒரே துண்டாகக் கேபிள் போடுங்கள், போட்டுவிட்டு எழுதிக் கொடுங்கள், வந்து பார்த்து இணைப்புத் தருகிறோம் என்று சொல்லிவிட்டார் மின்சார ஆபீஸ் இன்ஜினியர். குழுவுக்கு வந்த பெரிய ஃப்ரீசர் அன்றிலிருந்து கொளஞ்சி வீட்டில் புடவை வைக்கும் பெட்டியாக இருந்தது. மத்தியானம் மிஞ்சுகிற மீனை வேன்காரன் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருவது மட்டும் நிற்கவில்லை. இன்னும் ஒன்பது நாளில் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. போட்டுகள் கடலுக்குப் போனால் மீன் வந்து குவியும். அதற்குள் ஃப்ரீசர் ஓட வேண்டும் என்றுதான் ஊரே கூடி, இடுப்பளவு பள்ளம் வெட்டி, அடியில் சலித்த மணல் பரப்பி, மேலே மூடச் செங்கல்லும் அடுக்கி வைத்திருந்தார்கள்.

தவறு எங்கே என்று சரிதாவுக்குத் தெரிந்துவிட்டது. அளந்தவன் இராமதாஸ். கடல்காரர்கள் கயிறு அளக்கிற மாதிரி, இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம் என்று, எண்பத்துநாலு பாகம் சொன்னான். ஒரு பாகத்துக்கு ஆறடி என்று பெருக்கி, விடையை இரண்டு தரம் சரிபார்த்து, கடைக்கு எழுதிக் கொடுத்தவள் சரிதா. பெருக்கலில் பிழையில்லை. ஆனால் இராமதாஸின் கை குப்பத்திலேயே நீளமான கை. அவனுடைய ஒரு பாகம் ஆறரை அடி. பதினாலு வருஷமாக அந்தக் கைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கிறவளுக்கு அது தோன்றவில்லை.

"கல்யாணத்துல மாலை போடறப்பவே பாத்தேன்" என்றாள் கொளஞ்சி. "எட்டூருக்கு நீட்டுனான் கைய."

"நடுவுல ஒரு ஜாயிண்ட் போட்டா ஆகாதாண்ணே?" என்று கத்தினாள் சரிதா.

"உப்பு மண்ணும்மா! ஒரு மழைக்குத் தாங்காது. ஆபீஸ்லயும் உடமாட்டாங்க!"

கொளஞ்சிக்கு எரிச்சல். "கேபிளு வராதுன்னா கொட்டாய இழுத்துக்கினு போங்களேன் அங்க."

யாரும் சிரிக்கவில்லை. வெளியே இராமதாஸ் மெதுவாக எழுந்தான். தகரக் கூரையைப் பார்த்தான், எட்டு இரும்புக் காலையும் எண்ணினான். தரை தட்டி நிற்கும் படகைச் சுற்றி வருகிற மாதிரி கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"கரைக்கு இழுக்கறோமே ஃபைபர் போட்டு, அத விட இது லேசுதான் இருக்கும்" என்றான்.

அரை மணியில் படகு நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். காலடி மணலைத் தோண்டினார்கள். குறுக்குக் குழாய்களில் கயிறு கட்டினார்கள். சின்னப்பாப்பா அசையவில்லை.

"அக்கா, கொஞ்சம் எந்திரிக்கா" என்றாள் சரிதா.

"போட்டு கரைக்கு வந்தா மொதக் கூடை எங்கிட்டதான்டி வருது. நான் எதுக்கு எந்திரிக்கணும்? உங்களுக்கு வேணும்னா தூக்கினு போங்க."

தூக்கினார்கள். ஒருவன் முன்னே இழுக்க ஒருவன் பின்னே தள்ள, கொட்டகை கள் குடித்தவன் போல ஒரு பக்கம் சாய்ந்தது. அதைப் பார்க்கச் சின்னப்பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "எருமைங்களா, ஒண்ணா இழுங்கடா!" என்றவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏ...லா!" முப்பது தொண்டை திருப்பிச் சொன்னது. கொட்டகை நிமிர்ந்தது, ஓரடி போனது. "ஏ...லா!" இன்னும் ஓரடி. தகரம் கடகடவென்று ஆடியது. கூரையின் நிழல் அவள் மடியைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி நழுவிப் போக, பட்டப்பகல் வெயிலில் பலகைமேல் தனியாக உட்கார்ந்து, ஊரையே ஏவிக்கொண்டிருந்தாள் சின்னப்பாப்பா. கடைசி அடியில் கலியபெருமாள் பள்ளத்திலிருந்து துள்ளி எழுந்து கேபிள் நுனியைத் தலைக்கு மேல் ஆட்டினார்.

"போதும், போதும்! என் மேல ஏத்திடாதீங்கப்பா!"

அப்போதுதான் அவள் மேலே பார்த்தாள். வானம். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அடிப் பாவிங்களா, என்ன காய வுட்டுட்டீங்களே!" என்று பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்து, கொட்டகையின் தெருப் பக்கத்து மூலையில் போட்டாள். அங்கே முன்பு உட்கார்ந்தவளிடம் கேட்கவேயில்லை. "வாங்க வர்றவங்க மொதல்ல எங்கிட்டதானே வருவாங்க?"

கேபிளைப் படுக்கவைத்து, செங்கல் மூடி, மண் தள்ளி முடித்ததும், சரிதா அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினாள். நாள், பொருள், பார்வை எல்லாம் முறைப்படி. 'கேபிள் ஒரே துண்டாக, இணைப்பு எதுவும் இன்றிப் பதிக்கப்பட்டுள்ளது. சென்ற கடிதத்தில் காட்டிய இடத்தில் கொட்டகை தற்போது இல்லை. அது நாற்பதடி மேற்கே வந்துள்ளது. புதிய வரைபடம் இத்துடன்.'

இராமதாஸ் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "ஏம்மே, என் கையி அளவெல்லாம் எழுதிடாத. ஆபீஸ்ல சிரிப்பானுங்க."

அவள் 'அளவில் நேர்ந்த பிழை என்னுடையது' என்று எழுதி, செயலாளர் என்று கையெழுத்துப் போட்டாள். அவன் படித்தான். போய் சைக்கிளை எடுத்து வந்தான்.

கையில் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சி ஏது என்று, அவள் எப்போதும் பதிவுத் தபால்தான். தபால் நிலையத்தில் உறையின் மடிப்பில் பசை தடவி, விரலால் மூன்று முறை நீவி ஒட்டினாள். கவுண்டர்காரர் வாங்கி எடை போட்டார். உறையைச் சாய்த்தபோது உள்ளே சரசரவென்று ஏதோ ஓடியது.

"என்னம்மா இது?"

"மணல் சார். எழுதறப்ப உழுந்திருக்கும்."

அவர் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார்.