தங்கையின் பெயர் ஒட்டிய குழாய்

பெரம்பலூரில் வெற்றிச்செல்வியின் லேபுக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" டெங்கு சீசன் வந்துவிட்டால் பப்பாளி இலையைப் பிழிந்து குடித்துவிட்டு, ஏறியதா என்று பார்க்க ஓடிவருவார்கள். அவளுக்கு எரிச்சலாக வரும். வெள்ளையணு எவ்வளவு இறங்கியது, ரத்தம் எவ்வளவு கெட்டியானது, எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் நோய் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியும் என்று வாய் வலிக்கச் சொல்வாள். காய்ச்சல் விடுகிற நாளில்தான் கவனமாக இருக்க வேண்டும் என்பாள். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்தத் தடவை காய்ச்சல் சொந்தத் தங்கைக்கே வந்தது. குரும்பலூரில் அம்மா வீட்டிலிருந்த தமிழ்மொழிக்கு வெள்ளிக்கிழமை மாலை நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்கு ஊர் ஆண்டிமடம். சிங்கப்பூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை விமானம். சம்பந்தத்தைப் பேசி முடித்தவன் வெற்றிச்செல்வியின் கணவன் வீரமணி. லேபிலும் பாதி வேலை அவனுடையதுதான். ஊர் ஊராக பைக்கில் போய் ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் ஒட்டிக் கொண்டுவருவான். அவள் பரிசோதித்துக் கையெழுத்துப் போடுவாள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது.

வியாழக்கிழமை தமிழ்மொழியின் பிளேட்லெட் தொண்ணூறாயிரம், வெள்ளையணு இரண்டாயிரத்து முந்நூறு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், வைரஸோடு மல்லுக்கு நின்று உருவம் பெருத்த வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. "நாளைக்குக் காலைல மறுபடி பாருங்க, எறங்கியிருந்தா அட்மிட் பண்ணிடணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை வீரமணி குழாயோடு வந்தான். "காய்ச்சலே இல்ல செல்வி. புள்ள எழுந்து உக்காந்து இட்லி தின்னுது." மெஷின் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என்று காட்டியது.

ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவள் அன்று அந்த ஓர் எண்ணை மட்டும்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு அழுதாள். அம்மா ஆண்டாயிக்குப் போன் போட்டு, "பொடவையக் கட்டி உக்கார வையிம்மா, நான் மத்தியானம் வந்துடுறேன்" என்றாள். சந்தோஷம் மனுஷரை எவ்வளவு முட்டாளாக்குகிறது பாருங்கள்.

பதினோரு மணிக்குக் கூட்டம் ஓய்ந்ததும் வழக்கம்போல அந்த ரத்தத்தின் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். நேற்றிருந்த பெருத்த அணுக்களில் ஒன்றுகூட இல்லை. ஒரே நாளில் அத்தனையும் எங்கே போகும்? அவற்றுக்குப் பதிலாக, திரும்பின பக்கமெல்லாம் ஆரஞ்சு நிற மணிகள் நிறைந்த இயோசினோஃபில் அணுக்கள். இளைப்பு, அலர்ஜி உள்ளவர்களுக்கு அவை அப்படிப் பெருகும். தமிழ்மொழிக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. ரிப்போர்ட்டை இழுத்துப் பார்த்தாள். ஹீமோகுளோபின் பதினைந்து. தங்கைக்கு அது என்றைக்கும் பதினொன்றைத் தாண்டியதே இல்லை.

அது யார் ரத்தம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மார்கழிப் பனிக்கு மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கிற வீரமணியின் ரத்தத்தை வருஷா வருஷம் பார்ப்பவள் அவள்தானே. தன் கையிலேயே ஊசி குத்தி, தங்கையின் பெயரை ஒட்டியிருக்கிறான். வேறு எவனாவது செய்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். வீட்டுக்காரனே செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஸ்கூட்டியில் குரும்பலூர் போய்ச் சேர்ந்தபோது தமிழ்மொழி பட்டுப்புடவையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை ஜில்லென்றிருந்தது. நாடி தேடினால்தான் கிடைத்தது. "வயித்த வலிக்குதுக்கா" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வெற்றிச்செல்வி அவளைத் தூக்கி நிறுத்தப் போனாள். ஆண்டாயி குறுக்கே வந்தாள். "ரத்தம் சரியாயிடுச்சின்னு நீதானடி சொன்ன?"

"அது இவ ரத்தமில்லம்மா!"

ஆண்டாயி அதிர்ச்சியடையவில்லை. வாசலில் நின்ற மருமகன் வீரமணியின் முகத்தைத்தான் பார்த்தாள். தமிழ்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான்கா மாமாகிட்ட அழுதேன். நீ பார்த்தா நிச்சயத்த நிறுத்திடுவியேன்னு பயந்துட்டேன்."

ஆக, மூன்று பேரும் கூடிப் பேசித்தான் செய்திருக்கிறார்கள். அவள் படித்த படிப்பு, அவள் கையெழுத்து, அவள் அழுத அழுகை எல்லாம் அவர்களுக்கு வேண்டியிருந்தது. அவள்தான் வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிளேட்லெட் இருபத்தோராயிரம். ரத்தம் நன்றாகக் கெட்டிப்பட்டிருந்தது. சலைனை ஓடவிட்டபடி டாக்டர் கேட்டார்: "காலைல எவ்வளவு இருந்துச்சு? எந்த லேப்?"

வீரமணி அவள் முழங்கையைப் பிடித்தான். "சொல்லாத செல்வி. லேபே போயிடும்."

அவள் கையை உதறினாள். "என் லேப்தாங்க டாக்டர். காலைல இவ ரத்தத்த நான் பார்க்கல. நான் பார்த்தது இவரு ரத்தம்."

தமிழ்மொழி பிழைத்துக்கொண்டாள். ஆண்டிமடத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போனில், "மொதல்ல புள்ள தேறட்டும், தேதி எங்க போயிடப் போவுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இதற்காகவா அத்தனையும் செய்தார்கள்?

"அதான் பொழச்சிட்டால்ல" என்றான் வீரமணி. "வேற யாருக்கும் இப்படி செஞ்சதில்ல. சத்தியமா."

திங்கட்கிழமை அவன் ஆறு குழாய்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். அவற்றை அவள் மெஷினில் வைக்கவில்லை. அவன் எதிரிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டாள்.

"லேப்லேருந்து பேசுறேங்க. கோச்சுக்காம ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க. இன்னிமே ரத்தம் நான்தான் எடுப்பேன்."